தரை எவ்வளவு ஈரம்

எங்கள் அனாபொலிஸில் ஒற்றைச் சொல் போதும்.
காப்பி ருசித்தால் டெமாய்ஸ்,
கசந்து துப்பினாலும் டெமாய்ஸ்.
மழை, கடன், மாமியாரின் அன்பு
எல்லாவற்றையும் அள்ள ஒரே கரண்டி.

அதைப் பெட்டிக்குள் மடித்து வைத்துக்கொண்டுதான்
அயர்லாந்தில் இறங்கினேன்,
கால்வே மாவட்டத்தில் ஓர் இறைச்சித் தொழிற்சாலைக்கு.
முதல் வாரம் மேற்பார்வையாளர் ஹெனகன்
தேநீர் நீட்டினார்.
"டூ குட்" என்றேன், நெஞ்சில் கை வைத்து.
"யாருக்கு மிஞ்சிப் போச்சு?" என்றார்.
எலும்பு நீக்கும் கூடமே சிரித்தது.
நானும் சிரித்தேன், ஏனென்று தெரியாமல்.

பிறகு பேருந்தில், தபால் நிலைய வரிசையில்,
பல் மருத்துவரின் நாற்காலியில் வாயைத் திறந்தபடி
கேட்டுக் கேட்டுத்தான் பிடிபட்டது.
வெரி ஒரு நெட்டை மனிதன்.
வருவான், நிலைப்படியில் குனிவான், போவான்.
வீட்டில் ஒன்றும் உடையாது.
டூ வந்தால்
அதன் வாலைப் பிடித்துக்கொண்டே ஒரு முடியாது வரும்.
பெட்டி வெரி ஹெவி என்றால்
முனகிக்கொண்டே தூக்கலாம்.
டூ ஹெவி என்றால் கீழே வை, ஆளைக் கூப்பிடு.
இனஃப் மட்டும் பிடிவாதக்காரி,
எல்லோரும் முன்னால் முண்டியடிக்கையில்
அவள் பின்னால்தான் நிற்பாள்.
ஊர்க்காரர்கள் இவற்றில் எதையும் பெரிதாய்த் தொடுவதில்லை.
ஃபியர்ஸ் கோல்ட் என்பார்கள்,
குளிருக்கு நகம் முளைத்தது போல.
என் இலக்கணப் புத்தகத்தில் அந்தப் பக்கமே இல்லை.

மார்ச் மாதம், இரண்டாம் ஷிப்ட்.
வடிகால் அடைத்துக்கொண்டு மூன்றாவது நாள்.
வால்டிவினோ வழுக்கினான்.
கத்தி வேறு பக்கம் பறந்தது, நல்லவேளை.
இடுப்பெலும்பு முறிந்த ஓசை
எந்திர இரைச்சலைத் தாண்டி
எனக்குக் கேட்டது.

சாட்சி எழுத ஒரு தாள் கொடுத்தார்கள்.
தி ஃப்ளோர் வாஸ் டூ வெட்.
எழுதிவிட்டுப் பேனாவை மூடினேன்.
ஹெனகன் படித்தார். நல்ல மனிதர்,
என் மகளின் சைக்கிளுக்குச் செயின் மாட்டித் தந்தவர்.
"ஜோசிலீன், இங்கே வெரி வரணும்.
இந்தத் தரை என்றைக்கும் வெரி வெட்தானே."
தவறு திருத்தும் அதே பழைய அன்பு குரலில்.
மூன்று வருடம் முன்பென்றால்
நன்றி சொல்லி அடித்து எழுதியிருப்பேன்.

வெரி என்றால் அது தண்ணீரின் குணம்.
டூ என்றால்
யாரோ செய்யாமல் விட்ட வேலை.

"டூ" என்றேன்.
இரண்டாம் முறையும் கேட்டார்.
பேனாவைத் திறந்து வாலையும் சேர்த்து எழுதினேன்:
டு வாக் ஆன்.

அன்றிலிருந்து ஹெனகன் என்னோடு டூ.
தேநீரை நானே ஊற்றிக்கொள்கிறேன்.
காப்பீட்டுக்காரர்கள் இன்னும் கடிதம் எழுதுகிறார்கள்,
நீளமான, ஈரமே இல்லாத கடிதங்கள்.

ஞாயிற்றுக்கிழமை மருத்துவமனைக்குப் போனேன்.
வால்டிவினோவுக்கு ஆங்கிலம் வராது.
கூரையைப் பார்த்து "டெமாய்ஸ்" என்றான்.
நர்ஸ் க்ரோன்யா என் பக்கம் திரும்பினாள்:
"வெரி ஸோரா?
இல்லை, புரண்டு படுக்கவே முடியாத டூ ஸோரா?"

அவன் முகத்தைப் பார்த்தேன்.
கோட்டுக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?
ஒரு தரையைப் பற்றி
அத்தனை உறுதியாக எழுதியவள் நான்.
அவனிடம் திரும்பக் கேட்டால்
திரும்பவும் டெமாய்ஸ்தான்.
இரண்டில் பெரியதைச் சொல்லி வைத்தேன்.
அவள் குறித்துக்கொண்டு மருந்தைக் கூட்டினாள்.

போகும்போது மேசையில் தேநீர் வைத்து
"டூ ஹாட்" என்றாள். சரியாகத்தான் சொன்னாள்.
ஆவி எழுந்துகொண்டிருந்தது.
அது வெரி ஆகும் வரை
இருவரும் பேசாமல் இருந்தோம்.